டைம்ஷேர் வாரத்தை வாடகைக்கு எடுக்கிறீர்களா? ஒப்பந்தத்தில் இந்த 12 விஷயங்கள் இருக்கட்டும்!

புளியங்குடிக்காரர்களுக்குக் குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கும் தேவை பெரும்பாலும் வருவதில்லை. சுமார் 40 கிலோமீட்டர்தான். சாரல் அடிக்கிறது என்று கேள்விப்பட்டால், காலையில் கடையநல்லூர், தென்காசி வழியாகப் போய் அருவியில் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கையைக் கடிப்பது கோடை விடுமுறைதான். பிள்ளைகள் கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று கேட்கும்போது, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மே மாதத்தில் அறை வாடகையே தலைசுற்ற வைத்துவிடும்.

அப்போதுதான் இப்படி ஒரு யோசனை வரும். எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் ஒருவரிடம், தென்காசியில் வேலை பார்க்கும் நண்பர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணாச்சி, கொடைக்கானல்ல என் டைம்ஷேர் வாரம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன். ஹோட்டல் வாடகையில பாதி குடுத்தாப் போதும்."

"அதுக்கென்ன தம்பி, இப்பவே ஜிபே பண்ணிருதேன்."

"பத்திரம் கித்திரம் எழுதணுமா அண்ணாச்சி?"

"நமக்குள்ள எதுக்கு தம்பி பத்திரம்?"

சிக்கல் தொடங்குவதே இந்தக் கடைசி வரியில்தான். மலையேறிப் போய், ரிசார்ட் வரவேற்பறையில் பெட்டிகளோடு நிற்கும்போது, "உங்க பேர்ல புக்கிங் இல்லையே சார்" என்று சொல்லிவிட்டால், பணத்தையும் இழந்து, இரவு 8 மணிக்குக் குழந்தைகளோடு வேறு அறை தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இதைத் தவிர்க்கலாம். நட்பும் கெடாது.

டைம்ஷேர் என்றால் என்ன?

ஒரு விடுதி அறையை ஆண்டு முழுவதும் ஒருவரே வாங்காமல், பலர் சேர்ந்து ஆளுக்கொரு வாரம் என்று பங்கு போட்டுக்கொள்ளும் முறைதான் டைம்ஷேர். 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கியது. இந்தியாவில் ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-லும், கிளப் மஹிந்திராவை நடத்தும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் தொடங்கப்பட்டன. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ரிசார்ட்டுகள் வந்ததால், தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பலர் மொத்தமாகவோ தவணையாகவோ பணம் கட்டி உறுப்பினர் ஆனார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஆண்டுதோறும் குறிப்பிட்ட அதே வாரம் என்பது 'நிலையான வாரம்'. குறிப்பிட்ட சீசனுக்குள் எந்த வாரத்தை வேண்டுமானாலும் முன்பதிவு செய்துகொள்வது 'மாறும் வாரம்'. சில நிறுவனங்கள் சீசன்களை நிறங்களால் பிரிக்கின்றன. கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என்று நான்கு நிறங்கள் உண்டு. கூட்டம் குறைவான நிறத்தில் உறுப்பினராக இருப்பவர், மே மாத உச்ச சீசனில் அறை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால், அது எப்படி முடியும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

முக்கியமான விஷயம் இதுதான். இந்தியாவில் பெரும்பாலான டைம்ஷேர் திட்டங்கள் 'பயன்படுத்தும் உரிமை'யை மட்டுமே தருகின்றன. அறை உறுப்பினருக்குச் சொந்தம் அல்ல. பட்டாவும் பத்திரமும் அவர் பெயரில் இருக்காது. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டி, கிளப்பின் விதிகளுக்கு உட்பட்டுத் தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். டைம்ஷேருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ம் ஆண்டின் உத்தரவுப்படி, டைம்ஷேர் வாங்கியவர் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். இங்கே எல்லாவற்றுக்கும் ஒப்பந்தத் தாள்தான் ஆதாரம்.

முதல் கேள்வி: வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா?

ஒப்பந்தம் எழுத உட்காரும் முன்பே, உறுப்பினரின் கிளப் விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் தனக்குப் பதிலாக விருந்தினரை அனுப்பப் பல கிளப்புகள் அனுமதிக்கின்றன. ஆனால், பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது வேறு விஷயம். உதாரணமாக, உலக அளவில் டைம்ஷேர் வாரங்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம், விருந்தினர் சான்றிதழை வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பரிமாற்றத்தில் கிடைத்த வாரத்தை வாடகைக்கு விடுவதாக ஒருவர் சொன்னால், அங்கேயே யோசிக்க வேண்டும்.

விதியில் தடை இருந்தால், "சொந்தக்காரர்னு சொல்லிக்கோங்க" என்ற யோசனையை ஏற்கவே கூடாது. வரவேற்பறையில் விஷயம் தெரிந்தால் ரிசார்ட் முன்பதிவை ரத்து செய்யலாம். உறுப்பினருக்கும் வாடகைக்கு எடுத்தவருக்கும் இடையே எழுதிய ஒப்பந்தத்தில் ரிசார்ட் ஒரு தரப்பு அல்ல. அதனால் அந்தத் தாள் ரிசார்ட்டைக் கட்டுப்படுத்தாது. கிளப்பே அதிகாரபூர்வமாக வாடகைக்கு விட்டுத் தருமா என்று உறுப்பினரை விசாரிக்கச் சொல்வதே சரியான வழி.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய 12 விஷயங்கள்

1. இரு தரப்பின் விவரம்: உறுப்பினர், வாடகைக்கு எடுப்பவர் இருவரின் முழுப் பெயர், முகவரி, செல்போன் எண் வேண்டும். உறுப்பினர் எண் கட்டாயம். இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உறுப்பினர் அட்டை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. அடையாளத்துக்கு ஆதார் நகல் தருவதாக இருந்தால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும்.

2. எந்த வாரம், எந்த அறை: 'மே மாதம் ஒரு வாரம்' என்று எழுதக் கூடாது. ரிசார்ட்டின் பெயர், ஊர், அறை வகை (ஸ்டுடியோவா, ஒரு படுக்கையறையா, இரண்டா), நுழையும் தேதியும் நேரமும், காலி செய்யும் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். ஏழு இரவுகளா, ஆறு இரவுகளா என்பதையும் எழுத்திலேயே குறிப்பிட வேண்டும். ஒரு வாரம் என்று பேசிவிட்டு, ஏழாம் நாள் காலை 10 மணிக்கே அறையைக் காலி செய்யச் சொன்னால் கணக்கில் ஒரு இரவு குறையும்.

3. நிலுவை இல்லை என்ற உறுதி: பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். உறுப்பினர் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமோ, தவணையோ பாக்கி வைத்திருந்தால், முன்பதிவை கிளப் நிறுத்தி வைக்கவோ, ரத்து செய்யவோ வாய்ப்பு உண்டு. 'இன்றைய தேதி வரை எந்த நிலுவையும் இல்லை. தங்கும் நாள் வரை வரக்கூடிய கட்டணத்தை நானே கட்டுவேன்' என்று உறுப்பினர் எழுதித் தர வேண்டும். கடைசியாகக் கட்டிய ரசீதின் நகலையும் இணைக்கச் சொல்லலாம்.

4. விருந்தினர் பெயரில் உறுதிக் கடிதம்: தங்கப்போகிறவரின் பெயர் அச்சிட்ட உறுதிக் கடிதத்தை, எந்தத் தேதிக்குள் உறுப்பினர் வாங்கித் தர வேண்டும் என்று எழுத வேண்டும். விருந்தினர் சான்றிதழுக்குக் கட்டணம் இருந்தால் அது யார் பொறுப்பு என்பதும் வேண்டும். கடிதம் வந்ததும் ரிசார்ட்டுக்குப் போன் செய்து சரிபார்க்க வேண்டும். உறுப்பினர் தந்த எண்ணுக்கு அழைக்காமல், ரிசார்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைப்பதுதான் பாதுகாப்பு.

5. தொகையும் தவணையும்: மொத்த வாடகை, அட்வான்ஸ், மீதி எப்போது என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். உதாரணமாக, வாரத்துக்கு 28,000 ரூபாய் பேசினால், கையெழுத்தின்போது 8,000, உறுதிக் கடிதத்தைச் சரிபார்த்த பிறகு 20,000 என்று பிரிக்கலாம். முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்துவிடக் கூடாது. ரொக்கத்தைவிட வங்கி வழியாகவோ, யு.பி.ஐ. மூலமாகவோ உறுப்பினரின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்ப வேண்டும். "மச்சான் நம்பருக்குப் போடுங்க" என்றால் வேண்டாம்.

6. வாடகையில் அடங்குவது எது: காலை உணவு உண்டா? மின்சாரம், ஹீட்டர், கார் நிறுத்தம், நீச்சல் குளம், வரி ஆகியவை அடங்குமா? ரிசார்ட் நேரில் வசூலிக்கும் கட்டணங்கள் யாருடையவை? ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதினால் போதும். எழுதாத கட்டணம் எல்லாம் அங்கே போய் நிற்கும்போது வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும்.

7. எத்தனை பேர்: நம் ஊரில் ஒரு குடும்பம் கிளம்பினால் சித்தி, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் என்று வேன் நிறைந்துவிடும். ஸ்டுடியோ அறையில் இத்தனை பேர்தான் என்று ரிசார்ட் வரம்பு வைத்திருக்கும். பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், எந்த வயது வரை குழந்தை என்ற கணக்கு, கூடுதல் ஆளுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். வருபவர்களின் பெயர்ப் பட்டியலையும் இணைப்பது நல்லது.

8. விடுதி விதிகள்: அறையில் சமைக்கலாமா, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா, அசைவத்துக்கு அனுமதி உண்டா, வளர்ப்பு நாய்க்கு இடம் உண்டா, பிறந்தநாள் கொண்டாடலாமா போன்ற விதிகளின் நகலை உறுப்பினர் முன்கூட்டியே தர வேண்டும். 'விதிகளைப் படித்தேன், மதித்து நடப்பேன்' என்று வாடகைக்கு எடுப்பவர் எழுதித் தர வேண்டும். விருந்தினர் விதியை மீறினால் உறுப்பினரின் கணக்கில்தான் அபராதம் ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

9. டெபாசிட்டும் சேதமும்: திருப்பித் தரக்கூடிய டெபாசிட் எவ்வளவு, காலி செய்து எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுத வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் டி.வி., கெட்டில், கண்ணாடி, கட்டில், குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து உறுப்பினருக்கு அனுப்பிவிட வேண்டும். காலி செய்யும்போதும் அதேபோல் எடுக்க வேண்டும். முன்பே உடைந்திருந்த பொருளுக்கு யாரும் பணம் கேட்க முடியாது. ரிசார்ட்டின் பில் இருந்தால் மட்டுமே டெபாசிட்டில் பிடிக்கலாம் என்ற வரி இரு தரப்பையும் காக்கும்.

10. ரத்து செய்தால்: இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் 30 நாள்களுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், 15 நாள்களுக்கு முன் என்றால் எவ்வளவு, அதற்குப் பிறகு என்றால் எவ்வளவு? உறுப்பினர் ரத்து செய்தால் முழுத் தொகையோடு, இழப்பீடு எவ்வளவு? இழப்பீடாக வாய்க்கு வந்த தொகையை எழுதி வைப்பதில் பயனில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ன்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் தரும்.

11. இ-பாஸ், மழை, மண்சரிவு: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025-ம் ஆண்டு கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் வரம்பு விதித்தது. அறை கிடைத்தும் இ-பாஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இ-பாஸ் எடுப்பது வாடகைக்கு எடுப்பவரின் பொறுப்பா, கிடைக்காவிட்டால் வேறு வாரம் தருவாரா, பணம் திரும்புமா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். மண்சரிவால் மலைப்பாதை மூடப்பட்டாலும், அரசு தடை விதித்தாலும் இதே கேள்வி வரும். நிறைவேற்றவே முடியாத ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 56-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் இரண்டு நாள் பாதை மூடல் அந்த அளவுக்குப் போகுமா என்று பிறகு வாதாடுவதைவிட, 'இத்தனை நாள் போக முடியாவிட்டால் அந்த நாள்களுக்கான வாடகை திரும்பும்' என்று இப்போதே எழுதிவிடலாம்.

12. தகராறு வந்தால்: முதலில் எழுத்து மூலம் தெரிவித்து 15 நாள் அவகாசம், பிறகு இருவருக்கும் பொதுவான ஒருவர் முன்னிலையில் பேச்சு, அதற்கும் சரிவராவிட்டால் எந்த ஊர் நீதிமன்றம் என்று வரிசையாக எழுதலாம். மறு வாடகைக்கு விடக் கூடாது என்ற வரியையும் இங்கே சேர்க்கலாம். வாடகைக்கு எடுத்தவர் கூடுதல் பணத்துக்கு இன்னொருவரை அனுப்பினால், உறுப்பினருக்குத் தெரியாத ஆள் அவர் பெயரில் தங்கும் நிலை வந்துவிடும்.

எப்படி எழுதுவது?

தாளின் தலைப்பில் 'வாடகை ஒப்பந்தம்' என்று போடுவதைவிட 'பயன்பாட்டு அனுமதி ஒப்பந்தம்' என்று போடுவது பொருத்தம். சொத்தில் உரிமை தருவது குத்தகை. இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள மட்டும் அனுமதிப்பது 'லைசென்ஸ்'. இதை இந்திய ஈஸ்மென்ட்ஸ் சட்டம் 1882, பிரிவு 52 விளக்குகிறது. தன்னிடமே பயன்படுத்தும் உரிமை மட்டும் உள்ள உறுப்பினர், அதற்கு மேல் எதையும் அடுத்தவருக்குத் தர முடியாது.

முக்கிய வரிகளை இப்படி எழுதலாம்:

'முதல் தரப்பினராகிய நான், மேற்படி ரிசார்ட்டில் எனது உறுப்பினர் உரிமையின் கீழ் உள்ள ஏழு இரவுகளை, இரண்டாம் தரப்பினரும் இணைப்பில் கண்ட அவரது குடும்பத்தாரும் தங்கிப் பயன்படுத்த அனுமதிக்கிறேன். இதனால் அவருக்குச் சொத்தில் எந்த உரிமையும் ஏற்படாது. விருந்தினரை அனுப்ப எனது கிளப் விதிகளில் தடை இல்லை என்றும், கட்டண நிலுவை ஏதும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன். இந்தத் தேதிக்குள் இரண்டாம் தரப்பினர் பெயரில் உறுதிக் கடிதம் தராவிட்டால், பெற்ற தொகை முழுவதையும் ஏழு நாள்களுக்குள் திருப்பித் தருவேன்.'

ஒரு வாரத்துக்கான இந்த அனுமதியைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. உரிய முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணத்தை, தீர்வையும் அபராதமும் கட்டும் வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் என்பதை ஊரிலுள்ள பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டு வாங்கலாம். இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது.

பணம் போய்விட்டால்?

முகம் தெரியாதவர் ஆன்லைனில் விளம்பரம் கொடுத்து ஏமாற்றினால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். ஏமாற்றும் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது தெரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ம் பிரிவின்படி மோசடிப் புகாரும் தரலாம்.

கிளப்போ, வாடகைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்சியோ சேவையில் குறை வைத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, புகார்தாரர் தான் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் புளியங்குடிக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இரு தனிநபர்களுக்கு இடையே ஒரே ஒரு முறை நடந்த கொடுக்கல் வாங்கலை நுகர்வோர் வழக்காக ஏற்பது கடினம். அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே முதல் கேள்வியே, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும்.

குற்றாலத்தில் வீடு விடுபவர்களுக்கும்...

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசனில், தென்காசி, குற்றாலம் பகுதியில் வீடுகளை நாள் கணக்கிலும் வார கணக்கிலும் விடுபவர்களுக்கும் மேலே சொன்ன பெரும்பாலான விஷயங்கள் பொருந்தும். கூடுதலாக இரண்டு வரிகள் வேண்டும். வெள்ளப்பெருக்கால் அருவியில் குளிக்கத் தடை விதித்தால் வாடகை குறையுமா, குறையாதா என்பது ஒன்று. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, அருவிக்கு நான் பொறுப்பல்ல என்று வீட்டுக்காரர் சொல்வார். குளிக்கத்தானே வந்தோம் என்று வந்தவர் சொல்வார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முன்பே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

இரண்டாவது, அரசின் தடை அறிவிப்பை மீறி அருவிக்குப் போகக் கூடாது என்ற வரி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. வாடகை கொடுத்துவிட்டோம், ஒரு தடவையாவது குளித்துவிட்டுப் போவோம் என்ற எண்ணம்தான் தடையை மீறத் தூண்டும். தடை நாளுக்குப் பாதி வாடகை திரும்பும் என்று தாளில் இருந்தால், அந்த எண்ணமும் கொஞ்சம் குறையும்.

பழகியவரிடம் எழுதி வாங்குவது அவமரியாதை என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. மண்டியில் எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் மூட்டைக் கணக்கைச் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஒரு வார விடுமுறைக்கும் அதே சீட்டு வழக்கம் போதும்.